பாதி எடுத்துக்கறேன்

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் ஐடி பார்க்கிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஐடி கார்டு மாட்டிய இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை வந்தா, எப்படா ஆபீஸ் போவோம்னு இருக்கு. அங்கேதான் என் ஆத்துக்காரர் நன்னா இருக்கார்.”

“ரெண்டு பேரும் ஒரே டீம்தானே சேச்சி?”

“ஆமா. காலம்பற டீம்ல எல்லாரும் நின்னு பேசறச்சே, என் டெஸ்டிங் முடியலைன்னா, ‘நான் பாதி எடுத்துக்கறேன்’ம்பார். டீம் வேலை எல்லாருக்கும் பொதுன்னு புதுசா வரவாளுக்குச் சொல்லித் தரதே அவர்தான்.”

“வீட்லயோ?”

“மாவு அரைக்கறதிலேர்ந்து எல்லாம் நான்தான். ‘பாதி எடுத்துக்கறேன்’னு அங்கே ஒரு தடவை சொல்ல மாட்டாரான்னு ஏக்கமா இருக்கு.”

“கேட்டுப் பாக்கலாமே?”

“கேட்டேனே. ‘அது ஆபீஸ்’னுட்டார்.”

கரமனையில், “பின்னாடி என் ஆத்துக்காரர் எறங்கிட்டார், வரேன்” என்று சேச்சி எழுந்தாள். பின்வாசல் வழியாக இறங்கிய அவள் கணவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.