வெள்ளிக் கேடயங்களின் பின்பக்கம்

இதை யார் படித்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நாளை இரங்கல் கூட்டம் முடியும்வரை ஒருவருக்கும் காட்டாதீர்கள். எனக்கு எழுதிக் கொடுத்திருக்கும் உரை வேறு. நான் வாசிக்கப்போவது இது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஏற்றிருக்கும் அருங்காட்சியகச் செயலாளர் நல்லகாமன் அவர்களே, இஸ்மாயில் ஐயாவின் மகன் இஜாஸ் அண்ணன் அவர்களே, ஆனையூர் மக்களே, வணக்கம். நான் பாண்டீஸ்வரி, பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் நம் கடற்படை அருங்காட்சியகத்தில் ஐயாவுக்கு உதவியாக இருந்தவள்.

கடலே இல்லாத ஊருக்குக் கப்பல்காரர்களை வரவழைத்தவர் யார்? முன்னாள் மாலுமி, நம் காப்பாளர் சேக் இஸ்மாயில்! தூத்துக்குடிக்கு வரும் போர்க்கப்பல்களின் கேப்டன்கள் இவரைத் தேடி வந்து, தங்கள் கப்பலின் சின்னம் பொறித்த வெள்ளிக் கேடயத்தைப் பரிசளித்துப் போவார்கள். அதன் பின்பக்கத்தில் கேப்டன் பெயரும் தேதியும் செதுக்கியிருக்கும். வாங்கிய அன்றே ஐயா அதைத் திருப்பி வைத்துப் படமெடுப்பார்.

"மொகத்தத்தான் எல்லாரும் பாக்குறாக. யாரு குடுத்தாகங்குறது முதுகுலல்ல இருக்கு, தாயி!" என்பார்.

போன சனிக்கிழமை, பாலிஷ் போடுவதற்காகச் செயலாளர் கொண்டுபோன பத்துக் கேடயங்கள் திரும்பி வந்தன. அலமாரிக்குப் பின்னால் தூசி தட்டிக்கொண்டிருந்த என் காதில் ஐயாவும் செயலாளரும் பேசியது விழுந்தது.

"அண்ணே, முதுகுல ஒரு எழுத்துக்கூட இல்லையே?"

"பாலிஷ்ல அழிஞ்சிருக்கும் பாய்."

"செதுக்குன எழுத்து அழியுமாண்ணே? அம்புட்டு அழுத்தித் தேச்சிருந்தா முன்னாடி இருக்குற நங்கூரமுல்ல மொதல்ல போயிருக்கணும்!"

"உமக்குக் கண்ணு மங்கிப்போச்சு. வீட்டுக்குப் போய்ப் படும்."

அன்று சாயங்காலமே ஐயா பழைய படங்களை ஒரு கவரில் போட்டு என்னிடம் தந்தார். செவ்வாயன்று மாரடைப்பு. அடக்கம் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, செயலாளர் ஊரெல்லாம் சொல்கிறார்: "வெள்ளிய வித்துப்புட்டு, முலாம் பூசுனத வச்சிட்டாரு பாய்."

சபையோரே! சனிக்கிழமை பாலிஷில் அழிந்தது என்றவருக்கு, வியாழக்கிழமை அது முலாம் என்று யார் சொன்னது? கேடயங்களை வெளியே எடுத்துப்போனது எந்தக் கை? கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் மட்டும்தான் தெரியும் என்பதால்தானே, முகத்தை மட்டும் பார்த்துப் போலி செய்து பின்பக்கத்தை மறந்துபோனார்கள்!

திருடர் என்ற பெயரோடு ஐயாவை வழியனுப்பப்போகிறோமா? மாட்டோம்! அவர் செய்துவந்த வேலையை இனி நான் செய்வேன். இந்த மேடையிலேயே பத்துக் கேடயங்களையும் திருப்பி, பக்கத்தில் ஐயா எடுத்த படங்களை வைத்து

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா குரல். "ஏ பாண்டி, தொறடி. நல்லகாமன் அண்ணே வந்திருக்காக. பாய் குடுத்த கவரக் கேக்குறாக."