கரண்டு இல்லாமல் செத்தவர்

எனக்கு வியர்த்தால் பிடிக்காது. ஐம்பத்தெட்டு வயதில் என்னிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிறு ஆராதனை தவறியது கிடையாது. ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தீர்களே இன்ஸ்பெக்டர் அம்மா, ரொம்ப நன்றி. ரைட்டரையும் நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள். நானாக வந்தவன், எங்கும் ஓடிவிட மாட்டேன்.

பேர் சுயம்பு. பூர்வீகம் திசையன்விளைப் பக்கம். யானைக்கவுனியில் கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம், திருவொற்றியூரில் சொந்த வீடு. பையன் அஜின் கனடாவில் இருக்கிறான். வீட்டில் நானும் மனைவி ஞானபாக்கியமும் மட்டும்தான். அந்த வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் போடுவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். நடந்ததெல்லாம் அதை ஒட்டி நடந்ததே தவிர, எனக்கு யார்மீதும் விரோதம் கிடையாது.

முழு வீட்டுக்கும் போடுகிற ஜெனரேட்டர். அதைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் எங்களிடம் முன்பே இருந்தது. அது நாலு லைட்டையும் இரண்டு ஃபேனையும் இழுக்கும், ஏசியைப் பார்த்தால் படுத்துவிடும். நான் பார்த்து வைத்திருந்ததோ கரண்டு போன பத்தாவது விநாடி தானாக எழுந்து ஏசி, மோட்டார், கிரைண்டர் என்று வீடு மொத்தத்தையும் ஓட்டும். கம்பெனிக்காரர் கொடுத்த நோட்டீசில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே இடியாப்பம் சாப்பிடும் படம் போட்டிருந்தது. ஒருவர் நெற்றியிலும் வியர்வை இல்லை. அதை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தேன்.

ஞானபாக்கியம் மூன்று வருடமாக வேண்டாம் என்றாள்.

"ஆடிக்கு ஒருக்க அமாவாசைக்கு ஒருக்க போற கரண்டுக்கு ஆனையைக் கட்டித் தீனி போடச் சொல்லுதீங்களா? நம்ம மாடியில நின்னா எண்ணூர் புகைக்குழா தெரியுது. கரண்டு அவிக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இது என்ன வேண்டாத சோலி?"

போன கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்டு இல்லை. இன்வெர்ட்டரும் கையை விரித்துவிட்டது. பனியனைக் கழற்றிப் பிழிந்துகொண்டே, "செத்தே போயிருவேன் போலிருக்கு" என்றேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"இந்தத் தெருவுல கரண்டு இல்லாம எவனாவது செத்துருக்கானா? ஒரே ஒரு பேரு சொல்லுங்க. அன்னைக்கே ஜெனரேட்டரப் போட்டுருவோம்."

பெண்கள் கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் வியாபாரி. மொத்த வியாபாரத்தில் பத்திரம் கிடையாது, ரசீதுகூடப் பிறகுதான், வாய்ச்சொல்தான் எல்லாம். எதிராளி இன்னது கொண்டுவா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேரம் பேசுவது கேவலம். சரக்கைக் கொண்டுபோய் இறக்க வேண்டியதுதான். அவள் ஒரு பேர் கேட்டாள்.

முதலில் முறையாகத்தான் தேடினேன். தெருக்கோடியில் ரெஜி கலர் மீன் கடை வைத்திருக்கிறான். கரண்டு போய்த் தொட்டியில் காற்றுக் குமிழி நின்றதில் அவனுக்கு நாற்பது மீன் செத்தன. அதைச் சொன்னேன். "மனுசப் பேரு சொல்லுங்க" என்றாள். காலடிப்பேட்டையில் ஒரு பெரியவர் கரண்டு இல்லாத நேரம் இருட்டில் படி தவறி விழுந்து செத்திருந்தார். விசாரித்து, பேர், வயது எல்லாம் கொண்டுபோனேன். "அது படிக்கட்டுல விழுந்து செத்தது. அதுவும் அடுத்த ஏரியா" என்று தள்ளிவிட்டாள். எங்கள் தெருவில் அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு சாவு, அதுவும் கன்டெய்னர் லாரி மோதி. கடல்காற்று படுகிற தெரு, ஜனங்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

சுப்பராயனைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு மாடியில் இருந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எழுபத்தாறு வயது. நுரையீரல் இரண்டும் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு போனால் மாற்றிக்கொள்ள மூலையில் ஒரு சிலிண்டர். மகள் மலர்க்கொடி காலையில் வேலைக்குப் போனால் திரும்ப ஆறு மணி ஆகும். மத்தியானம் நான் கடையிலிருந்து சாப்பிட வரும்போது அவரோடு அரைமணி நேரம் பேசாமல் போனதில்லை. ஜெனரேட்டர் விஷயத்தில் அவர் என் கட்சி.

"இன்னா அண்ணாச்சி, வூட்டம்மா ஓகே சொல்ட்டாங்களா?"

"ஒரு பேரு வேணுமாம் அண்ணே" என்று விவரத்தைச் சொன்னேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கா பேஜாரு? நான் ஒருத்தன் கீறேன் பாரு. இந்த மிஷினு நின்னா நம்ம கத கந்தல். எம் பேர சொல்லி வாங்கிக்கோ அண்ணாச்சி, போ."

அவராகச் சொன்னது, நான் கேட்கவில்லை. இதை ரைட்டர் அப்படியே எழுத வேண்டும்.

தெருமுனையில் பில்லர் பாக்ஸ் இருக்கிறது. எங்கள் தெருவுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. புயலில் அதன் கதவு பெயர்ந்தபோது, குழந்தைகள் கையை விட்டுவிடுமே என்று என் கடை நைலான் கயிற்றால் நான்தான் கட்டிவைத்தேன். என் முடிச்சை அவிழ்ப்பது எனக்குக் கஷ்டமில்லை. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, கை ஈரமில்லாமல் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினால் தெரு மொத்தமும் நின்றுவிடும். அவசரத்துக்கு எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

முதல் தடவை பிடுங்கினபோது சுப்பராயன் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிக்கொண்டு, ஜன்னல் வழியாக, "உங்க வூட்லயும் பூட்ச்சா?" என்று கேட்டார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கட்டையைத் திரும்ப மாட்டியபோது, சொன்னால் நம்புங்கள், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் சிலிண்டர் இருக்கும்வரை அவர் பேரை நான் சொல்ல முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

அந்த வாரமே சிலிண்டர் தீர்ந்துவருகிறது, நிரப்ப லீவு போடணும் என்று மலர்க்கொடி கவலைப்பட்டாள். என் டெம்போவில் அனுப்பி நிரப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். "புண்ணியமா பூடும் அங்கிள்" என்றாள். அன்றே நிரப்பியாகிவிட்டது. இப்போதும் என் குடோனில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் பொருள் எனக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை மதியம் ஒன்றே கால் மணிக்குக் கட்டையைப் பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவர் மாடிக்குப் போனேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி... சிலிண்டரு..."

"டெம்போ வந்துக்கிட்டே இருக்கு அண்ணே."

பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறினேன். வெயிலில் செத்தார் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாதல்லவா? அதற்காக ஜன்னலை அகலத் திறந்தேன். தாகத்தில் போனார் என்று ஆகிவிடாமல் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். ஞானபாக்கியத்தின் வாய் எனக்குத் தெரியும், வேறு எந்தக் காரணமும் உள்ளே நுழைய நான் இடம் கொடுக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாரி மன்ஷன நான் பாத்ததில்ல அண்ணாச்சி" என்றார். நாற்பது நிமிடம் கை ஓயாமல் விசிறினேன். மூச்சு நின்ற பிறகு அவர் கண்களை நானே மூடிவிட்டு, இறங்கிப்போய்க் கட்டையை மாட்டினேன். மாடியில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்த சத்தம் தெருவரை கேட்டது.

மகன் பகலவன் குவைத்திலிருந்து வர இரண்டு நாள் ஆனது. அதுவரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அது ஓடவும் கரண்டு வேண்டுமே. இரண்டு நாளும் பில்லர் பாக்ஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருத்தரையும் கிட்ட விடவில்லை. தெருவே என்னைப் பாராட்டியது. மூலக்கொத்தளம் இடுகாட்டில் அவர் அப்பாவை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். முன்னால் நின்று தூக்கினவர்களில் நானும் ஒருவன். அவரைப் போல ஒரு சிநேகிதர் எனக்கு இனி கிடைக்கப் போவதில்லை, அந்த வருத்தம் எனக்கு நிறையவே உண்டு.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன்: "ஒரு பேரு கேட்டியே. சுப்பராயன்."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டுக்கு மூன்று நாளும் சமைத்து அனுப்பியவள் அவள்தான், கண் வீங்கியிருந்தது.

"நல்லாயிருக்கே நியாயம். அவரு நுரையீரலு என்னைக்கோ போயிட்டு. டாக்டரு நெஞ்சடைப்புன்னுதான எழுதிக் குடுத்தாரு? கரண்டு இல்லாம செத்தாருன்னு எதுலயாவது எழுதியிருக்கா? சும்மா கரண்டு மேல பழி போடாதீங்க."

மலர்க்கொடியிடம் சர்ட்டிபிகேட்டை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். கரண்டு என்ற சொல்லே அதில் இல்லை.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். இத்தனை வருடத்தில் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று ஒருநாள், ஒரு பேச்சுக்காவது, அவள் சொன்னதில்லை. சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை அம்மா, அன்றைக்குக் குடோனில் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு பாடுபட்டு, வேறு காரணம் ஒன்றும் சேராமல் பார்த்துப் பார்த்து முடித்த வேலை, ஒரு டாக்டரின் கிறுக்கலால் வீணாய்ப் போனதே என்று ஆற்றாமையாக இருந்தது. அவள் எழுத்து கேட்கிறாள். டாக்டரைவிட மேலான எழுத்து யாரிடம் இருக்கும் என்று யோசித்தேன். அதனால்தான் உங்களிடம் வந்தேன். சர்க்கார் முத்திரை குத்திய நகல் ஒன்று கிடைத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

ரைட்டர் வாசித்ததைக் கேட்டேன். எல்லாம் சரிதான், கடைசி வரி மட்டும் தப்பு. 'சுயம்பு ஆகிய நான் சுப்பராயனைக் கொன்றேன்' என்று இருக்கிறது. அது வேண்டாம். ஞானபாக்கியம் அதை வாசித்தால், 'பாத்தீங்களா, கரண்டா கொன்னுது? நீங்கதான கொன்னீங்க' என்பாள். மறுபடியும் அவள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். 'கரண்டு இல்லாமல் இறந்தார்' என்று மாற்றச் சொல்லுங்கள் அம்மா, உடனே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.