குமரகுருவின் ரவுட்டர்

சாயங்காலம் நாலே முக்கால் மணி. நாயுடுபுரத்துக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே, டவர் ஷெட்டுக்குப் போகும் மண் ரோடு. மூடுபனி இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது... அந்த ரோட்டில் சைஃபுல்லா தனியாக ஏறிக்கொண்டிருந்தார். யாரோ எவரோ இல்லை, என் மச்சானுடைய சிநேகிதனுக்குச் சித்தப்பா. அந்தக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

சைஃபுல்லாவும் குமரகுருவும் பன்னிரண்டு வருஷக் கூட்டாளிகள். மலை வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் கொடுப்பது தொழில். மொத்தம் ஐந்து ரவுட்டர் பெட்டிகள். ஐந்தும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை இரைச்சல்தான். அதனால் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒன்றைத் தலைவராகவும் ஒன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். பெரிய எண்ணுக்குப் பதவி. பூஜ்யம் போட்டால் அது தேர்தலில் நிற்கவே முடியாது. தலைவர் பத்து வினாடிக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். நாற்பது வினாடி குரல் வராவிட்டால் செத்துவிட்டதாக அர்த்தம். துணை, தலைவராகிவிடும். துணையும் இல்லாவிட்டால் லைனே நின்றுவிடும்.

இரண்டு இரண்டு பெட்டியாக நேருக்கு நேர் பேசும் வகைக்கு மாற்றிவிட்டால் தேர்தலே வேண்டாம். சைஃபுல்லா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். குமரகுரு சிரிப்பார்.

"ஏலே, தலைவன்னு ஒருத்தன் வேணும்லே. இப்ப எம் பெட்டி. நான் போயிட்டா ஒம் பெட்டி. போதுமா?"

போதும் என்று நம்பினார் சைஃபுல்லா. தன் பெட்டிக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. கூட்டாளியைச் சோதிப்பதா என்று கூச்சம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் குமரகுரு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சைஃபுல்லா பாடைக்குத் தோள் கொடுத்தார். அன்று காலையில் குமரகுருவின் மனைவி விசாலாட்சி கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"அண்ணே, அவரு பெட்டிய எடுத்துட்டு வந்துருங்க. எடுத்த பெறகும் லைன் நிக்காம ஓடுச்சுன்னா தொழில் உங்களுது. நின்னுபோச்சுன்னா எந் தம்பி பாத்துக்கிருவான். அவரே அப்பிடித்தான் சொல்லிட்டுப் போனாரு."

ஷெட்டுக்குள் ஈரத் தகர வாடை. மேல் தட்டில் குமரகுருவின் பெட்டி, கீழ்த் தட்டில் இவருடையது. லேப்டாப்பைத் தன் பெட்டியில் மாட்டிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, மேல் பெட்டியின் ஒயர்களை எல்லாம் பிடுங்கினார். விளக்குகள் அணைந்தன. திரையில் அந்த நாற்பது வினாடிக் கணக்கு இறங்கியது. முப்பத்தைந்து... முப்பத்து மூன்று... முப்பத்தொன்று...

நாற்பது.

கண்ணைக் கசக்கிக்கொண்டார். மறுபடி இறங்கியது. முப்பத்தொன்றில் மறுபடியும் நாற்பது. பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஒரு ஒயர்கூட இல்லை. ஆனால் பத்து வினாடிக்கு ஒரு தடவை அதன் குரல் வந்துகொண்டிருந்தது. திரையில் தலைவர், குமரகுருவின் பெட்டி. துணை... யாரும் இல்லை.

அப்போதுதான் முதல் தடவையாகத் தன் பெட்டியின் எண்ணைத் திறந்து பார்த்தார். பூஜ்யம். மற்ற மூன்று பெட்டிகளுக்கும் பூஜ்யம். போட்ட தேதி, தொழில் தொடங்கிய முதல் நாள்.

மழையிலும் இடியிலும் டவர் ஏறியவர் இவர். ஒரு நாள்கூட அந்த மனுஷன் இவரை அடுத்த ஆளாக நினைக்கவில்லை. லைன் நின்றால் மைத்துனனுக்கு என்று சொல்லிவிட்டு, நிற்பதற்கு வேண்டியதையும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே செய்துவைத்திருக்கிறார். பயத்துக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

"குரு... எங்க வீட்டு நோம்புக் கஞ்சி குடிக்காத வருசம் உண்டாடா? ஏன்டா இப்பிடிப் பண்ணுன?"

தகரத்தில் பனி சொட்டியது. டக்... டக்... எங்கிருந்தோ யூகலிப்டஸ் தைல வாடை. ஜலதோஷத்துக்குக் குமரகுரு தடவுவது.

ஆத்திரத்தோடு தன் எண்ணை இருநூற்று ஐம்பத்தைந்து ஆக்கினார். அதற்கு மேல் எண் கிடையாது. உயிரோடிருக்கும் தலைவரை எந்த எண்ணாலும் இறக்க முடியாது. ஆனால் காலியாக இருந்த துணை இடத்தில் இவர் பெட்டி வந்து உட்கார்ந்தது. போன் அடித்தது. விசாலாட்சி.

"அண்ணே, லைன் நிக்கவே இல்லண்ணே. தொழில் உங்களுதுதான். வெரசா எறங்கி வாங்க, இருட்டப் போகுது."

பதில் சொல்ல வாயெடுத்தார். திரையில் இருநூற்று ஐம்பத்தைந்து... பூஜ்யமானது.

இவர் கை விசைப்பலகையில் இல்லை. யார் எதை மாற்றினாலும் பெட்டி அதைக் குறித்துவைக்கும். திறந்தார். வெளியூரிலிருந்து நுழைந்து மாற்றியிருந்தால் முகவரி இருக்கும். முகவரி இல்லை. பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து மாற்றியதாக இருந்தது. மாற்றியவர் பெயர், குமரகுரு.

அந்த ஷெட்டில் உட்கார இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதில் சைஃபுல்லா உட்கார்ந்திருந்தார்.