ஒரே டேக்குல ஓகே

...அதான் கேக்கறேன்க்கா, நீயே சொல்லு, அம்மனப் போயி யாராவது ஜீப்ல ஏத்துவாங்களா? கிரீடத்தக் கூட கயட்ட வுடலக்கா! மூஞ்சி முச்சூடும் மஞ்சா, நெத்தில இம்மாம் பெரிய பொட்டு, கைல சூலாயுதம்... அப்டியே இட்டுக்கினு போய்ட்டாங்கோ. அசோக் நகர் சிக்னல்ல ஜீப் நிக்கசொல்ல, பூ விக்கற பொம்பள ஒண்ணு கன்னத்துல போட்டுக்கினு ஒரு மொழம் மல்லிய உள்ள வீசிச்சாம். அவளுக்குத் தெரியுது அம்மன்னு. இந்த ஆபீசருங்களுக்குத் தெரியலியே!

குந்துக்கா, ஏன் நின்னுக்கினே கீற? பெஞ்சு ஒண்ணும் எங்கப்பன் வூட்டுது இல்ல, கவர்மென்ட்டுது. பாப்பா, நீயும் ஏறிக் குந்து. பேரு இன்னா? ரூஹியா? நல்லா கீதே. என் பேரு பாஞ்சாலி. உன் பேரு இன்னாக்கா, அப்சராவா? வடபழனி, கோயிலுக்குப் பின்னாடி சந்து. எங்கூட்டுக்காரு டில்லிபாபு, சினிமால லைட்மேன். உள்ள கீதே, அது எம் பொண்ணு தமிழ்நிலா. ஒம்போது வயசு. சீரியல்ல குட்டி அம்மனா வருவா, பாத்திருப்பியே? பாக்கலியா? ஐய, டீவியே இல்லியா வூட்ல?

நேத்து சூட்டிங் ஸ்பாட்டுலயே வந்து புடிச்சிட்டாங்கோ. ராத்திரி அவங்க கொயந்தைங்க ஹோம்லயே தூங்க வெச்சாங்கோ. என்ன வாசல்லயே நிறுத்திட்டாங்கக்கா, பெத்தவள! இப்ப தோ, அந்தக் கதவுக்கு அந்தாண்ட கொயந்தைங்க நலக் கமிட்டி மேடம் அவளத் தனியா வெச்சிப் பேசிக்கினு கீறாங்க. அவ இன்னா சொல்றாளோ அத்த வெச்சித்தான் இன்னிக்கு என்கூட அனுப்பறதா வேணாமான்னு முடிவாம். ஒம்போது வயசுப் புள்ள முடிவு பண்ணுதாம், பெத்தவ பெஞ்சில குந்திக்கினு கீறாளாம். நல்லா கீதுல்ல நாயம்?

நீ எதுக்குக்கா வந்துகீற? ஓ... பெரிய பொண்ணா? அடையாறு ஃப்ளாட்ல பாத்திரம் தேச்சிக்கினு, அவங்க கொயந்தயத் தூக்கிக்கினு... அடப்பாவமே. பன்னெண்டு வயசா? தப்பா எட்த்துக்காதக்கா, அது தப்பு. அத்தப் புடிக்கணும். கவர்மென்ட்டு அத்தப் புடிச்சா நானே கை தட்டுவேன். படிக்கற வயசுல கொயந்தய வேலைக்கு அனுப்பலாமா? இல்ல, சும்மா சொல்றேன். உன் கஷ்டம் உனக்கு. ஆனா எங்கூட்டு மேட்டரு வேற. இது கலைக்கா. கலையப் போயி வேலைன்னு சொன்னா எப்டி?

அந்த மேடம் ரூல்ஸ் பட்சாங்க பாரு! நடிக்கலாமாம், ஆனா கலெக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கணுமாம். ஒரு நாளைக்கி அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாதாம். நடுவுல ரெஸ்ட்டாம். வர்ற துட்டுல ஒரு பங்கு அவ பேர்ல பேங்க்ல போடணுமாம். இஸ்கூலுக்கு லீவே போடக் கூடாதாம். இதெல்லாம் பாத்தா சீரியல் எட்த்துக் கிழிப்பாங்களாக்கா? அம்மன் அரக்கன பாதி கொன்னுட்டு, 'டைம் ஆச்சு, நான் கிளம்பறேன்'னு போவ முடியுமா?

சிரிக்காத. எனக்கு வவுறு எரியுது.

இதுல பெரிய காமெடி இன்னா தெரியுமா? உன் தலைக்கு மேல போஸ்டர் ஒண்ணு ஒட்டிகீது பாரு. திரும்பிப் பாரு. செங்கல்லத் தலைல வெச்சிக்கினு ஒரு புள்ள நிக்குதில்ல, 'குழந்தைத் தொழிலாளர் இல்லாத தமிழகம்'னு போட்டு... அது யாருன்னு நெனக்கற? எம் பொண்ணுக்கா! என் நிலா! அவள வேல வாங்கினேன்னு என்ன இங்க குந்த வெச்சிட்டு, அவ மூஞ்சியவே செவுத்துல ஒட்டி வெச்சிகீறாங்கோ. உள்ள வரசொல்ல அந்த மேடத்துக்கிட்ட சொன்னேன். அவங்க போஸ்டரப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, கண்ணாடியக் கயட்டித் தொடச்சிக்கினாங்க. 

போஸ்டரும் விளம்பரப் படமும் ஒரே சூட்டிங்தான், திருவான்மியூர் பக்கம் ஒரு கட்டடத்துல. கான்ட்ராக்ட் எட்த்த விளம்பரக் கம்பெனி கூப்ட்டாங்கோ. கவர்மென்ட்டுக்கு விழிப்புணர்வுப் படம், பாப்பா மூஞ்சி ஊரு முச்சூடும் தெரியும்னாங்கோ. காலைல வெள்ளன போனோம், வெளிச்சம் போறவரிக்கும் எட்த்தாங்கோ. மொதல்ல தெர்மாகோல்ல கல்லு செஞ்சி குட்த்தாங்கக்கா. ஆனா மூஞ்சில அந்த பாரமே வரல. டைரக்டரு ஒதட்டப் பிதுக்கறாரு. வேற பொண்ணப் பாத்துடுவாரு போல கீது. நான்தான் சொன்னேன், 'சார், நெஜக் கல்லே வையுங்க, எம் பொண்ணு தூக்குவா'ன்னு. வெச்சாங்கோ. அப்ப வந்துச்சி பாரு மூஞ்சில!  சாப்பாடு பரிமாறிக்கினு இருந்த அம்மா கூட கண்ணத் தொடச்சிக்கினாங்க.

எல்லாம் என் ட்ரெய்னிங்கு. கேமராக்குக் கீய குந்திக்கினு நான் வாயசைப்பேன், அவ அப்டியே சொல்லுவா. 'பாஞ்சாலிம்மா வாயி, பாப்பா கொரலு'ன்னு எல்லாரும் கலாய்ப்பாங்கோ. எனக்குத்தான் நாக்கு பொரளாது, அவ சுத்தத் தமிய்ல பிச்சி எடுப்பா. அயுவணும்னா கிளிசரினே வேணாம். காதுல போயி, 'அம்மா செத்துட்டேன்னு நெனச்சிக்கோ'ன்னு சொல்லுவேன். பொலபொலன்னு ஊத்தும். இப்பல்லாம் அத்தச் சொன்னா அயுவறதில்ல... சும்மா பாத்துக்கினு நிக்கறா. சரி, அத்த வுடு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மொத நாளே சொல்லி வெச்சேன். நிலா, பசிச்சாலும் சரி, கால் வலிச்சாலும் சரி, கேமராக்கு மட்டும் முதுகக் காட்டாதடி. மூஞ்சி தெரிஞ்சாத்தான் நமக்கு சோறு. இன்னிக்கு வரிக்கும் காட்னதே இல்லக்கா!

போட்டுக் குட்த்தது யாருன்னுதானே கேக்கற? கேக்கலியா? கேளு. பக்கத்து வூட்டு முத்தம்மான்னுதான் நெனச்சேன். அவ பொண்ணு ஜானுவ இதே அம்மன் வேஷத்துக்கு இட்டுக்கினு வந்தா, எட்த்துக்கல. அந்தக் காண்டு. நேத்து சாயங்காலம் தண்ணி லாரி வரசொல்ல, கொடத்தக் கீய போட்டுட்டு கிழி கிழின்னு கிழிச்சிட்டேன். சந்தே வேடிக்க பாக்குது. அவ இன்னா பண்ணா தெரியுமா?  என் கொடத்தையும் ரொப்பி வாசல்ல வெச்சிட்டுப் போய்ட்டா. அப்பவே எனக்குக் கொஞ்சம் இதுவா ஆயிட்ச்சி. அப்பால டீச்சரம்மாவா இருக்கும்னு நெனச்சேன். பரீட்சைக்கி வரலன்னு ரெண்டு வாட்டி வூட்டுக்கே வந்துச்சி அது.

காலைல மேடம் சொல்றாங்க... போனு என் நம்பர்லேர்ந்துதான் வந்துச்சாம்.

ஆமாக்கா. என் நம்பரு. நான் பைப்படில பாத்திரம் கழுவிக்கினு இருந்திருக்கேன், போனு சார்ஜ்ல கெடந்திருக்கு. பத்து ஒம்போது எட்டுக்கு அடிச்சிகீறா, கொயந்தைங்களுக்கு ஒண்ணுன்னா கூப்படற நம்பரு. அந்த விளம்பரத்துல கடைசில அவ சொல்ற நம்பரு. மனப்பாடம் பண்ண வெச்சது நானு! சோறு ஊட்டசொல்ல ஒரு வாட்டி, தல வாரசொல்ல ஒரு வாட்டி, சொல்லுடி சொல்லுடின்னு.

அப்பவே கேட்டாக்கா. தல பின்னிக்கினு கீறேன், 'அம்மா, இந்த நம்பருக்கு நெசமாவே போன் பண்ணா வருவாங்களா?'ன்னா. நான் இன்னா சொன்னேன்... 'வருவாங்கன்னு நம்பிச் சொல்லுடி, நம்பினாத்தான் மூஞ்சில வரும்'னேன்.

நம்பிட்டா.

அங்க போன எட்த்த பொண்ணு மேடத்துக்கிட்ட சொல்லிச்சாம். மொதல்ல யாரோ வெளையாடறாங்கன்னு நெனச்சிச்சாம். அப்டியே விளம்பரத் தமிய்ல பேசிகீறா: 'இங்கே ஒரு குழந்தை வேலை செய்கிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.' யாரும்மா அந்தக் கொயந்தன்னு கேட்டதுக்கு, 'நான்தான்'னாளாம். அயுவல, தொணதொணக்கல. நிறுத்தி நிறுத்தி, தெளிவா சொன்னாளாம். இத்த மேடம் சொல்லசொல்ல எனக்கு ஒரு நிமிசம்... சிரிக்காதக்கா... பெருமையா இருந்துச்சி. ஒரே டேக்கு! ஓகே! 

அவ அப்பா இன்னா பண்ணாரு தெரியுமாக்கா? எப்பவும் லைட்ட தூக்கிக்கினு ஒரு ஓரமா நிப்பாரு, அதே மாறி நேத்தும் வூட்டு ஓரமா நின்னுக்கினு கீறாரு. 'அவளுக்குக் கால் வலிக்குதுன்னு என்கிட்ட சொன்னா, நான் உன்கிட்ட சொல்லல'ன்னாரு. இத்தச் சொல்லிட்டு வேலைக்கிப் போய்ட்டாரு.

நான் இன்னாக்கா, அவள செங்கல் சூளைக்கா வித்துட்டேன்? நல்ல கவுனு, நல்ல சோறு, ஏசி ரூமு, எல்லாரும் பாப்பா பாப்பான்னு... எனக்கு அந்த வயசுல யாரு கைய தட்டினா? யாரு கண்ண பாத்து பேசினா?

சரி, சரி. ஏய் ரூஹி, இங்க பாரு. எக்கா, இவ கண்ணப் பாத்தியா? லைட்டு போட்டா அப்டியே ஜொலிக்கும். இந்தக் கண்ணுக்குக் கேமரா ஏங்கும்க்கா, சத்தியமா. எனக்கு மேனேஜரு ஒருத்தரத் தெரியும். நிலா எடத்துல இப்ப அவசரமா ஆளு தேடுவாங்கோ, கிரீடம் கூட கரெக்டா இருக்கும். எத்தினி வயசு? ஏயு வயசா? இன்னும் நல்லது. கூட நான் நிக்கறேன், வாயசைக்கிறது என் பொறுப்பு. ரூஹி, எங்க, ஆன்ட்டி சொல்றத திருப்பிச் சொல்லு பாப்போம், 'அரக்கனே...' எக்கா? ஏன் அவளத் தூக்கிட்ட? எங்க போற? உன் பெரிய பொண்ணக் கூப்டவே இல்லியே இன்னும்! எக்கா, அந்தாண்ட பெஞ்சில ஃபேனு கூட ஓடாதே... அப்சரக்கா!

போ. போனா போ.

...கதவுல கண்ணாடி கீது. இங்கேர்ந்து எட்டிப் பாத்தா தெரியுது. மஞ்சா எல்லாம் கழுவி வுட்டிகீறாங்கோ. ஐய, எவ்ளோ சின்னப் புள்ளையா தெரியறா! நிலா... நிலா, இங்க பாருடி. பாத்துட்டா! அம்மா வாயப் பாருடி. சொல்லு... 'நான்... அம்மா கூட... போறேன்'... வாயப் பாரு கண்ணு... 'அம்மா கூட... போறேன்'...

ஏய். ஏன் நாற்காலியத் திருப்பற?

நிலா, கேமராக்கு முதுகக் காட்டக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லிக் குட்த்திருக்கேன்... நிலா... அம்மா இங்க கீறேன்டி.