மா மாதிரி அரைத்த சோளம்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் எனக்கு முன்னால் இரண்டு கோழிப்பண்ணைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் இளையவரிடம் சொன்ன ஒரு வார்த்தையில் நான் திடுக்கிட்டுப் போனேன்.

"தட்டு நிறையத் தீனி இருக்க, என்ட கோழியெல்லாம் பட்டினி கிடந்திருக்கு தம்பி."

"என்ன கதை கதைக்கிறீங்கள் நானா?"

"ஓம். குஞ்சுகள் லேசாத் திங்கட்டும் எண்டு சோளத்தை மில்லில மா மாதிரி அரைப்பிச்சனான். அது சொண்டில பசை மாதிரி ஒட்டிப் போச்சு. விழுங்க ஏலாமல் தண்ணிக்கு ஓடுதுகள். நான் வருத்தம் எண்டு நினைச்சு மருந்து குடுத்தனான்."

"பிறகு?"

"மகள்ட கலியாணத்துக்கு எண்டு வளர்த்த இறைச்சிக்கோழிகள் தம்பி. ஒண்டை அறுத்துப் பார்த்தால் எலும்பும் தோலும்தான். வயித்துக்குள்ள தீனி அரைக்கிற பை சுருங்கிக் கிடந்தது. பொஞ்சாதி அதைக் கையில வச்சுக்கொண்டு, 'இதுக்கு நீங்க வேலையே குடுக்கல்லையே' எண்டா."

"ஐயோ கடவுளே! கலியாணத்துக்கு என்ன செய்தனீங்கள்?"

"மாட்டிறைச்சியோட சமாளிச்சம். மிச்சக் கோழிகளுக்குச் சோளத்தைக் குறுணியா உடைச்சுப் போட்டன். இப்ப கொழுத்துப் போய் நிக்குதுகள்."

இளையவர் திடீரென்று எழுந்து நின்றார்.

"நானா, இப்பதான் டவுன் மில்லில என்ட சோளம் முழுக்கக் குடுத்திட்டு வாறன். நைசா, ரெண்டு தரம் அரைக்கச் சொன்னனான்."

லாஞ்சி நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது.