சாட்சியாக வந்தவன்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது, ஈப்போவுக்குப் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு போலீஸ் புகார் நகல்.

"எந்தெந்த நாள் பின்னால வந்தான்னு சார்ஜன் கேட்டாருக்கா. எனக்கு நெனப்பில்ல. அவந்தான் சொன்னான்."

"எவன்?"

"பின்னால வர்றவன்தான். போலீஸ் பாலாய்க்கும் வந்து பக்கத்து நாற்காலில உக்காந்துட்டான்லா."

"ஐயோ!"

"பத்து நாளுக்கும் கிழமை, நேரம், நான் போட்டிருந்த உடுப்பு கலரு, எல்லாம் சொன்னான். சார்ஜனுக்கு ஒரே சந்தோசம். சாட்சின்னு அவன் பேரையே எழுதிக்கிட்டாரு."

"அவந்தான் இவன்னு நீ சொல்லலியா?"

"சொன்னேன்க்கா. 'மொதல்ல ரிப்போட் முடியட்டும், குறுக்க பேசாத'ன்னாரு. சாட்சிக்கும் ஒரு காப்பி குடுத்தாரு, என் வீட்டு அட்ரஸோட."

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இப்ப எங்க போற?"

"ஈப்போல மேலதிகாரியப் பாக்க. பத்து நாளும் இவ பின்னாலயே போனேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்லா, இதக் காட்டப் போறேன்."

"ஆளப் புடிக்கணுமே?"

"தேடவே வேணாம்க்கா. கடைசி சீட்டுல உக்காந்து கூடவே வாரான்."