கப்பல் அத்தியாயம்

– அந்தக் கப்பல் அத்தியாயத்தை மட்டும் இன்னைக்கு வாசிக்காதே, கெலெரா.

– ஐயோ அம்மா, அதை வாசிச்சாதான் புத்தகமே விக்கும். சுவா பட்டணத்துல வாசிச்சப்ப ஒருத்தர் இருமக்கூட இல்ல. அந்தப் பாயை உன் பக்கம் இழு, மடிஞ்சிருக்கு.

– சுவாவுல உன்னை யாருக்குத் தெரியும்? இது நம்ம சர்ச்சு ஹாலு. முன்னாடி உங்கப்பா உக்காருவார். வெள்ளைச் சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கார்.

– அப்பா இன்னும் படிக்கலையா?

– அவர் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்து எங்க தெரியப்போகுது? பொண்ணு வாசிச்சுக் கேக்கணும்னு காத்திருக்கார். அதுவரைக்கும் போற வர்றவங்களுக்கெல்லாம் அட்டையைக் காட்டிட்டுத் திரியுறார்.

– அப்புறம் என்னம்மா பயம்? கதையில வர்ற அந்தச் சர்ச்சு டீக்கன் புருஷன் தான்தான்னு நெனச்சுக்குவாரா? வாயைத் திறக்காம தாடையால காட்டியே வேலை வாங்குற ஆம்பள நம்ம தீவுல வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான்.

– தாடையை விடு. அதைப் படிச்சுட்டு நானே சிரிச்சேன். நான் கேக்குறது வேற. உனக்கு யார் சொன்னா?

– எதை?

– லைசானி கதையை. புருஷன் கூட்டாளிகளோட கவா குடிக்கப் போன நேரம் பார்த்து ஒத்தப் பையோட கிளம்பிக் கப்பல் ஏறுறாளே, அதை.

– யாரும் சொல்லல. நானா எழுதுனது. நாவல்னா அதானேம்மா.

– மகெரெட்டா பெரியம்மா சொன்னாளா? கடைசி நேரத்துல ஆஸ்பத்திரியில நீதானே அவகூட இருந்தே.

– கடைசி நேரத்துல பெரியம்மா பேசுனதெல்லாம் அவங்க பன்னியைப் பத்தித்தான். தீனி போட்டாங்களா, தண்ணி வச்சாங்களான்னு. இவ்வளவு கேள்வி என்னைப் பேட்டி எடுத்த ரேடியோக்காரர்கூடக் கேக்கலம்மா.

– ஏ கெலெரா! மொதல்ல ஒண்ணு சொல்லு. உன் புத்தகத்துல நான் இருக்கேனா, இல்லையா?

– வாங்க டிட்டிலியா அத்தை. நம்ம ஊர்க்காரங்க யாருமே அதுல இல்ல. எல்லாம் கற்பனை.

– கற்பனையா? அடுத்த வீட்டுல வளர்ந்துட்டு என்னை எழுத மனசு வரலையாடி உனக்கு? ரேடியோவுல உன் பேரைச் சொன்னதும் பஸ்ஸுல சத்தத்தைக் கூட்டச் சொல்லி டிரைவரோட சண்டை போட்டவ நான்!

– அடுத்த நாவல்ல கட்டாயம் எழுதுறேன் அத்தை.

– எழுது. கொஞ்சம் ஒல்லியா எழுது. நான் போய் கேக்கை எடுத்துட்டு வந்துடறேன், இல்லேன்னா பேரனுங்க முடிச்சுடுவானுங்க.

– போயிட்டா. இப்ப சொல்லு. அந்தக் கயித்துக் குவியல் உனக்கு எப்படித் தெரியும்?

– எது?

– லைசானி கப்பலுக்குள்ள போகாம, வெளியில கயிறு சுத்திப் போட்டிருக்கிற இடத்துல ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்காளே. தெரிஞ்சவங்க யாரும் பார்த்துடக் கூடாதுன்னு.

– நான் எத்தனை தடவை அந்தக் கப்பல்ல போயிருக்கேன். அங்க உக்காந்தா ஆள் தெரியாது, அவ்வளவுதான்.

– அப்படியா. ஆனா ஒரு இடத்துல தப்பா எழுதியிருக்கே. கரை மறையுற வரைக்கும் அவ திரும்பியே பார்க்கலைன்னு இருக்கு. பார்ப்பா.

– எப்படிச் சொல்றே?

– கூரை தெரியுதான்னு பார்ப்பா. கொடியில துணி கிடக்கே, மழை வந்தா எடுக்க ஆளில்லையேன்னு பார்ப்பா. கழுத்து வலிக்க வலிக்கப் பார்ப்பா.

– அம்மா. நீ போனியா?

– நாற்காலியைப் போடு. ஆளுங்க வர்ற நேரம்.

– நாற்காலி கிடக்கட்டும். போனியா?

– போனேன்.

– எப்ப?

– நீ பொறக்குறதுக்கு முன்னாடி. சுவாவுல இருந்த மகெரெட்டா அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிவிட்டுட்டுப் போனேன். உங்கப்பா நம்புனாரான்னு நான் கேட்டதில்ல. அவரும் என்னை ஒண்ணும் கேட்டதில்ல.

– அடிச்சாரா உன்னை?

– சே! ஒரு நாள் கை ஓங்குனதில்ல. கவாச் சட்டியைச் சுத்தி உக்காந்தார்னா ஊரையே சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பு நம்ம அடுப்படி வரைக்கும் கேக்கும். வீட்டுக்குள்ள கால் வச்சா ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் நான் மரவள்ளிக் கிழங்குகிட்டப் பேசிட்டே தோல் சீவிட்டிருந்தேன். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாயிடுச்சு. பையை எடுத்துட்டேன்.

– அங்க போய் என்ன பண்ணே?

– தையல் கம்பெனி. அக்கா சொல்லி வச்சிருந்தா. சட்டைக்குக் காலர் வைக்குற வேலை. பக்கத்து மெஷின்காரி வாய் மூட மாட்டா. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் கதைதான். எவ்வளவு நல்லாருந்துச்சு தெரியுமா!

– இதெல்லாம் என் புத்தகத்துல இல்லவே இல்லையே.

– அதான் எனக்கு ஆச்சரியம். மெஷின் தெரியல, பக்கத்து மெஷின்காரி தெரியல. ஆனா கிளம்புனது மட்டும் அப்படியே இருக்கு. ஒண்ணுமே தெரியாம எப்படிடி எழுதுனே?

– தெரியலம்மா. நான் சுவாவுக்குப் படிக்கப் போறப்பல்லாம் நீ துறைமுகத்துக்கு வருவியே, கையாட்டுவியே. அப்ப நீ என்னைப் பார்க்க மாட்டே. கப்பலைத்தான் பார்ப்பே. அந்தப் பார்வை எதுக்குன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் எழுத ஆரம்பிச்சேன்.

– ஓ. அப்படியா பார்த்தேன்? எனக்கே தெரியாதே.

– ரேடியோக்காரர், லைசானி உங்க அம்மாவான்னு கேட்டார். எங்கம்மா இந்தச் சவுசவு ஊரை விட்டு எங்கயும் போகணும்னு நெனச்சதுகூட இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன்.

– கேட்டேன். உங்கப்பாவும் பக்கத்துல உக்காந்து கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கல, கீரை ஆய்ஞ்சுட்டிருந்தேன்.

– சரிம்மா. கப்பல் வேண்டாம். புயல் வர்ற அத்தியாயத்தை வாசிக்கிறேன்.

– புத்தகம் விக்குமா?

– விக்காட்டி போகுது. டிட்டிலியா அத்தை தலையில நாலு கட்டிடலாம். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்.

– கேளு.

– எந்த ஊர்ல வாசிச்சாலும் யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, லைசானி ஏன் திரும்பி வரலைன்னு கேக்குறாங்க. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறேன். இப்ப எனக்கு அதுக்கு எதிர்க் கேள்விதான் வருது. உனக்கு அங்க வேலை இருந்துச்சு, பேச ஆள் இருந்துச்சு. நீ ஏம்மா திரும்பி வந்தே?

– லைசானி வயித்துல நீ இல்லையே, கெலெரா.